தூர் வாரிய வாய்க்கால் ஏன் மறுபடி தூர்கிறது?

வயல் வடிகாலைத் தூர் வாரி, அடியை அகலமாக வெட்டி, இரு கரையையும் ஒரே சரிவாகச் சீவி விட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். மூன்று நான்கு மழைக்காலம் கழித்துப் போய்ப் பாருங்கள். அடியின் ஓரங்களில் வண்டல் மேடு கட்டியிருக்கும். மேட்டின் தலை ஏறக்குறைய மட்டமாக இருக்கும், அதில் புல் பிடித்திருக்கும். நடுவில் சின்னதாக ஓர் ஓடை, லேசாக வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலோர் இதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் பொக்லைனை இறக்குகிறார்கள்.

அது பழுதல்ல. தன் அன்றாட நீருக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை வாய்க்கால் தானே வரைந்து காட்டியிருக்கிறது. அந்த வரைபடத்தை ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு, வண்டல் சேர்கிறது, கரை சரிகிறது, கீழே உள்ள ஏரி பச்சையாகிறது என்று கவலைப்படுவதில் பயனில்லை. வாய்க்காலின் வடிவத்தை மாற்றுவதுதான் வழி. அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும், எவ்வளவுக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய வடிவத்தின் குறை. ஓர் உதாரண வாய்க்காலை எடுத்துக்கொள்வோம்: அடி அகலம் 2 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரைச்சரிவு 1.5:1 (ஒரு மீட்டர் ஏற ஒன்றரை மீட்டர் விலகும்), நீளவாட்டுச் சரிவு 1,000 மீட்டருக்கு 1 மீட்டர். இதில் ஆண்டின் பெரும்பகுதி ஓடுவது கொஞ்சம் நீர்தான். நொடிக்கு 20 லிட்டர் என்று வைத்தால், 2 மீட்டர் அகல அடியில் அது 7 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரந்து, நொடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். அந்த மெல்லிய நீருக்கு வண்டலைச் சுமக்கும் வலு கிடையாது. கொண்டுவந்ததை அங்கேயே போட்டுவிடும். அதே நீரை 60 சென்டிமீட்டர் அகலத்துக்குள் விட்டால் ஆழம் 16 சென்டிமீட்டரைத் தாண்டும், வேகம் 20 சென்டிமீட்டராகும், தன் தடத்தைத் தானே கழுவிக்கொள்ளும்.

பெருமழையில் கதை தலைகீழ். இதே வாய்க்காலில் 1.5 மீட்டர் ஆழத்துக்கு நீர் ஏறினால், வாய்க்கால் ஓட்டத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரப்படி (அடியும் கரையும் நீரைத் தடுக்கும் அளவான சொரசொரப்புக் கெழு 0.035) நொடிக்குச் சுமார் 5.2 கனமீட்டர் ஓடும், வேகம் 0.82 மீட்டர். மண்மீது நீர் இழுக்கும் விசை சராசரியாகச் சதுர மீட்டருக்கு 8.4 நியூட்டன், ஆழமான நடு அடியில் 14.7 நியூட்டன். வெற்று வண்டல் மண் தாங்குவது 2 முதல் 3 நியூட்டன்தான். நல்ல புல்தரை 50 நியூட்டன் வரை தாங்கும். ஆனால் இந்த வடிவத்தில், விசை அதிகம் விழும் கரையடியில் புல் நிற்காது. அங்கே எப்போதும் ஈரம், சரிவும் செங்குத்து. அடி அரிபடும். வெள்ளம் சட்டென வடியும்போது நீர் குடித்துக் கனத்த கரை, எதிரில் தாங்கிக்கொண்டிருந்த நீர் போய்விட்டதால் பாளம் பாளமாக உட்காரும்.

இதன் விலை என்ன என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் வாய்க்காலில் இரு கரையும் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் மட்டும் தேய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் நீளம் 3.6 மீட்டர், ஆக 144 கனமீட்டர், எடையில் சுமார் 200 டன் மண். வேளாண் மண்ணில் டன்னுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை, ஏரியில் பாசியை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸ் இருக்கும். அப்படியானால் வயலிலிருந்து ஒரு துளி உரம் ஓடாவிட்டாலும், கரை மட்டுமே 100 முதல் 200 கிலோ பாஸ்பரஸைக் கீழே அனுப்புகிறது. ஏரி நீரில் லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டினாலே ஊட்டம் மிகுந்த ஏரி என்று வகைப்படுத்துகிறார்கள். மண்ணில் உள்ளது முழுவதும் பாசிக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் கரைச் சரிவை 'மண் பிரச்சினை' என்று தனியாகவும் உர ஓட்டத்தை 'சத்துப் பிரச்சினை' என்று தனியாகவும் பிரிப்பது எவ்வளவு தவறு என்பது இதில் தெரியும்.

இரண்டடுக்கு வடிவம்

தீர்வின் கரு எளியது. சின்ன நீருக்குச் சின்ன வழி, பெரிய நீருக்கு அகலமான இடம். நடுவில் இருக்கும் உள்வாய்க்காலைத் தொடாமல் விட்டு, அதன் இரு பக்கமும் தாழ்வான மட்டத்தில் திண்ணை போல வெட்டி, அதற்கு வெளியே கரையைச் சரிக்க வேண்டும். சிறு ஓட்டம் உள்வாய்க்காலுக்குள் அடங்கும். மழை பெய்தால் நீர் திண்ணைமேல் ஏறிப் பரவி, புல்லுக்கு நடுவே மெதுவாக நகரும். ஆறுகளுக்கு இயற்கையாக இருக்கும் வெள்ளச் சமவெளியை வடிகாலுக்குள்ளேயே சிறிய அளவில் அமைத்துக் கொடுப்பதுதான் இது. அமெரிக்காவின் ஓஹாயோ, இண்டியானா மாநிலங்களின் தட்டையான விளைநிலங்களில் இந்த முறை வளர்ந்து நிலைபெற்றது. அங்கும் தொடக்கப்புள்ளி, தூர் வாராமல் விட்ட வடிகால்கள் தாமாகவே திண்ணை கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உறுதியாக நின்றதைக் கவனித்ததுதான்.

மூன்று அளவுகளைச் சரியாகத் தீர்மானிக்க வேண்டும்: திண்ணையின் உயரம், திண்ணையின் அகலம், மேற்கரையின் சரிவு. இவற்றில் உயரம்தான் உயிர். மற்ற இரண்டிலும் கொஞ்சம் முன்பின் ஆனால் பொறுத்துக்கொள்ளும். உயரம் தவறினால் எல்லாம் தவறும்.

உயரத்தைக் கண்டுபிடிக்க முதலில் வாய்க்காலுக்குள் இறங்க வேண்டும், கணினி பிறகு. 200 முதல் 300 மீட்டர் நீளத்தில், சமீபத்தில் தூர் வாராத பகுதியாகப் பார்த்து, ஏழெட்டுக் குறுக்குவெட்டு எடுங்கள். பாலம், குழாய்ப்பாலம், சரிந்த கரை ஆகியவற்றுக்கு அருகில் எடுக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் வண்டல் மேட்டின் மட்டமான தலை, அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து அளந்து எழுதுங்கள். தலை என்பது புல் அடர்த்தியாகப் பிடித்த மட்டம். நேற்று வந்து ஒதுங்கிய சேறு அல்ல. எடுத்த அளவுகளை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஓரிரு விபரீத அளவு அதைக் கெடுத்துவிடும். நடுத்தர வடிகால்களில் இது பெரும்பாலும் 30 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வரும்.

பிறகு அந்த உயரத்துக்கு நீர் நிரம்பினால் எவ்வளவு ஓடும் என்று கணக்கிட்டு, அந்தப் பகுதியின் மழை, நீர்பிடிப்புப் பரப்புக்கு அது எத்தனை முறை வரும் என்று ஒப்பிடுங்கள். ஆற்றுக்குச் சொல்லப்படும் 'ஒன்றரை ஆண்டுக்கு ஒரு வெள்ளம்' என்ற அளவுகோலை அப்படியே இங்கே பொருத்துவது பரவலான பிழை. வடிகாலில் தடத்தை உருவாக்கும் ஓட்டம் அதைவிட மிகச் சிறியது, ஆண்டுக்குப் பல முறை வருவது. திண்ணை ஆண்டில் பல நாட்கள் நனைய வேண்டும். ஒரு மழைக்காலம் அவகாசம் இருந்தால், அளவுகோல் வரைந்த கம்பம் ஒன்றை நட்டு, ஒவ்வொரு மழைக்கும் நீர் எட்டிய உயரத்தைக் குறித்து வாருங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அது நம்பகமானது.

அகலத்துக்கு வருவோம். இரு திண்ணையும் உள்வாய்க்காலும் சேர்ந்த மொத்த அகலம், உள்வாய்க்காலின் மேலகலத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு. 3-க்குக் கீழே போனால் நீர் பரவ இடமின்றி வேகம் குறையாது. 5-க்கு மேல் போனால் நிலம் போகும், அதற்கேற்ற பலன் கூடாது. ஒரு பக்கம் சாலையோ மின்கம்பமோ இருந்தால் திண்ணையை ஒரே பக்கமாக வெட்டலாம். மொத்த அகலம் அதேதான் இருக்க வேண்டும். மேற்கரை 2:1 சரிவு, மணல் கலந்த மண்ணாக இருந்தால் 3:1.

நம் உதாரணத்துக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். திண்ணை அடியிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். அந்த மட்டத்தில் உள்வாய்க்காலின் மேலகலம் 3.5 மீட்டர். இரு பக்கமும் தலா 3.5 மீட்டர் திண்ணை, மொத்தம் 10.5, அதாவது 3 மடங்கு. மேற்கரை 2:1. திண்ணைப் புல்லுக்குச் சொரசொரப்புக் கெழு 0.06. முன்பு 1.5 மீட்டர் ஆழம் கேட்ட அதே 5.2 கனமீட்டர் வெள்ளம் இப்போது 1.16 மீட்டர் ஆழத்திலேயே போய்விடும். திண்ணைமேல் வேகம் நொடிக்கு 0.35 மீட்டர், இழுவிசை சதுர மீட்டருக்கு சுமார் 5.4 நியூட்டன், அதுவும் புல்மேல் விழுகிறது. மேற்கரையின் அடியைத் தொடும் நீரின் ஆழம் 66 சென்டிமீட்டர்தான். வடிதிறன் குறைந்துவிடுமோ, வயல் மூழ்குமோ என்று கேட்பவர்களுக்கு, 1.5-லிருந்து 1.16 மீட்டராக நீர்மட்டம் இறங்கிய இந்த 34 சென்டிமீட்டர்தான் பதில்.

இப்போது செலவுப் பக்கம், அதையும் மறைக்கக் கூடாது. தரைமட்டத்தில் வாய்க்காலின் அகலம் 8 மீட்டரிலிருந்து 16.5 மீட்டராகிறது. கிலோமீட்டருக்கு 0.85 ஹெக்டேர் நிலம் போகும். வெட்டும் மண் மீட்டருக்கு 11.6 கனமீட்டர், ஆக கிலோமீட்டருக்கு 11,600 கனமீட்டர். வெட்டிய மண் உப்பி 14,000-ஐத் தொடும். திட்டம் போடும் எல்லோரும் வாய்க்காலை மட்டும் வரைந்துவிட்டு இந்த மண் எங்கே போகும் என்பதைக் கடைசி நாளில் யோசிக்கிறார்கள். இதை 15 சென்டிமீட்டர் தடிமனில் வயலில் பரப்ப 9 ஹெக்டேருக்கு மேல் வேண்டும். இரு பக்கமும் பகிர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 47 மீட்டர் அகலப் பட்டை.

மண்ணைக் கரையோரமே நீளமாகக் குவித்து விடுவதுதான் மலிவான வழி, மிக மோசமான வழியும் அதுவே. குவியல் கரைமேல் பாரமாகி அதைச் சரிக்கும். வயல்நீர் குவியலுக்குப் பின்னால் தேங்கி, ஏதோ ஒரு பலவீனமான இடத்தில் உடைத்துக்கொண்டு இறங்கும். அந்த ஓர் உடைப்பு, திண்ணை முழுக்க ஓராண்டில் பிடிக்கும் வண்டலை ஒரே இரவில் கொட்டிவிடும்.

வெட்டும் முறை

வறண்ட காலத்தில் தொடங்குங்கள். அடுத்த பெருமழைக்கு முன் புல் வேர்பிடிக்கக் குறைந்தது 6 முதல் 8 வாரம் இருக்க வேண்டும். வேலைப் பகுதிக்குக் கீழே தற்காலிக வண்டல்குழி ஒன்றை முதலில் வெட்டுங்கள். பிறகு மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் சீவித் தனியே ஒதுக்குங்கள். அதற்குப் பிறகுதான் திண்ணை.

இயந்திரம் ஓட்டுபவரிடம் மூன்று முறை சொல்ல வேண்டிய ஒரு விஷயம்: உள்வாய்க்காலைத் தொடக் கூடாது. அடியில் வாளி படக் கூடாது, அதன் ஓரப் புல்லைக்கூடச் சீவக் கூடாது. பழக்கதோஷத்தில் 'அப்படியே அடியையும் சுத்தம் பண்ணிக் கொடுத்துடறேன்' என்று ஒரு இழுப்பு இழுத்தாலே வேலை வீண். அகன்ற அடி மறுபடி வந்துவிடும். திண்ணை உயரமும் தப்பாகிவிடும்.

திண்ணையின் நீளவாட்டுச் சரிவு வாய்க்கால் அடியின் சரிவுக்கு இணையாகப் போக வேண்டும், மேலே உள்ள வயலின் மட்டத்துக்கு இணையாக அல்ல. குறுக்கே உள்வாய்க்காலை நோக்கி 1 முதல் 2 சதவீதம் சாய்வு கொடுங்கள். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் மட்டம் பாருங்கள். 5 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் பரவாயில்லை. 15 சென்டிமீட்டர் ஆனால் நீர் தாழ்ந்த இடத்திலேயே ஏறி, அதே இடத்தில் குழி பறிக்கும்.

ஒதுக்கிய மேல்மண்ணைத் திண்ணைமேல் திரும்பப் பரப்பலாமா? மண் பரிசோதனை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மேல்மண் இருந்தால் புல் வேகமாகப் பிடிக்கும், கரிமம் இருப்பதால், உரத்திலிருந்து நீரில் கரைந்து வரும் நைட்ரேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். ஆனால் பல ஆண்டு உரம் ஏறிய மண்ணில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தால், அதைக் கொண்டுபோய் வெள்ளம் நனைக்கும் இடத்தில் பரப்புவது, எதைத் தடுக்க வந்தோமோ அதையே செய்வதாகும். பாஸ்பரஸ் அதிகம் என்று பரிசோதனை சொன்னால் அடிமண்ணிலேயே விதையுங்கள், மக்கிய வைக்கோல் போட்டு மெதுவாக வளரட்டும்.

வெட்டிய பகுதியில் அன்றன்றே விதைக்க வேண்டும். 'கடைசியில் மொத்தமாக விதைத்துக்கொள்ளலாம்' என்ற முடிவால் அழிந்த திண்ணைகள் ஏராளம். வேகமாக முளைக்கும் தானியப் பயிர் ஒன்றைத் துணைக்கு வைத்து, அந்த மண்ணுக்கேற்ற, ஆழமாக வேர்விடும் பல்லாண்டுப் புல் கலவையைத் தூவுங்கள். மேலே ஹெக்டேருக்கு 4 முதல் 5 டன் வைக்கோல். வளைவின் வெளிப்புறத்திலும் திண்ணை விளிம்பிலும் தேங்காய்நார் விரிப்பை ஆப்படித்துப் பொருத்துங்கள். திண்ணையில் மரமும் புதரும் வேண்டாம். நிழலில் புல் செத்து, அடிமரத்தைச் சுற்றி நீர் சுழன்று குழி பறிக்கும்.

வடிகுழாய் வாய்கள்

நிலத்தடி வடிகுழாய் உள்ள வயல்களில் எல்லாக் குழாய் வாய்களையும் முன்கூட்டியே தேடிக் கண்டுபிடித்து, கொடி நட்டு, மட்டம் எழுதி வையுங்கள். பழைய குழாய்கள் வண்டலுக்குள் புதைந்து கிடக்கும். வாளியில் நொறுங்கிய பிறகுதான் இருந்ததே தெரியும். குழாய் வாயின் அடிமட்டம் திண்ணைக்கு மேலே இருக்க வேண்டும். திண்ணைக்குக் கீழே குழாய் வருகிறதென்றால் திண்ணையைத் தாழ்த்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பகுதி இந்த வடிவத்துக்கு ஒத்துவருமா என்பதையே மறுபடி யோசியுங்கள்.

கரை பின்னால் நகர்வதால் குழாய்களை வெட்டிச் சுருக்க வேண்டிவரும். கடைசி 3 முதல் 6 மீட்டருக்கு ஓட்டையில்லாத கெட்டிக் குழாய் போட்டு, வாயில் எலி புகாத கம்பித் தடுப்பு வையுங்கள். குழாய்நீர் விழும் இடத்தில் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து அதன்மேல் 10 முதல் 20 சென்டிமீட்டர் கற்கள். நீரை அங்கிருந்து ஒரே கோடாக உள்வாய்க்காலுக்கு வெட்டி விடாமல், திண்ணைப் புல்லில் பரவி இறங்கும்படி விட்டால் நைட்ரேட்டுக்கு நல்லது. குழாய்நீர் ஆண்டின் பெரும்பகுதி மெதுவாக வருவது. அதற்குத் திண்ணை மண்ணோடு பழக நேரம் கிடைக்கிறது. அந்த இடம் சதுப்பாகும், புல் வெட்டும் இயந்திரம் போகாது. அந்த இடைஞ்சலை ஏற்றுக்கொள்ளலாம்.

வயலின் மேற்பரப்பு நீர் ஒன்றுகூடி இறங்கும் தாழ்வான இடங்களையும் சும்மா விடக் கூடாது. அங்கே செங்குத்துக் குழாய் வழியாகவோ, 4:1 சரிவில் வடிதுணிமேல் கல் பதித்த சரிவுப்பாதை வழியாகவோ நீரை இறக்க வேண்டும்.

எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

இந்த இடத்தில்தான் விற்பனைப் பேச்சும் நடைமுறையும் பிரிகின்றன. நீரில் துகள் படியும் வேகத்துக்கு ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதியை வைத்துக் கணக்கிட்டால், 0.05 மில்லிமீட்டர் பருவண்டல் துகள் அரை மீட்டர் நீரில் சுமார் 4 நிமிடத்தில் அடியில் படியும். திண்ணைமேல் நொடிக்கு 0.35 மீட்டர் வேகத்தில் அதற்குள் நீர் 80 மீட்டர்கூட நகர்ந்திருக்காது. 0.01 மில்லிமீட்டர் நுண்வண்டலுக்கு ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரம். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு 38 மணி நேரத்துக்கும் மேல். தூரம் 50 கிலோமீட்டரை நெருங்கும். இதெல்லாம் நீர் சுழலாமல் போனால் கிடைக்கும் அளவு. உண்மையில் நீர் சுழன்றுகொண்டுதான் போகும். புல்தண்டுகள் அடியருகே வேகத்தைக் குறைத்து, களியில் ஒரு பங்கைத் தம்மேல் ஒட்டவைத்துப் பிடிக்கின்றன என்பதால் நிலைமை கொஞ்சம் சாதகமாகும். ஆனாலும் திண்ணை பருவண்டலின் எதிரி, களிக்கு அரைகுறைத் தடை மட்டுமே. பாஸ்பரஸ் அதிகம் ஒட்டியிருப்பது களியில். அதனால்தான் வண்டலைப் பிடிப்பதைவிடக் கரையைச் சரியவிடாமல் காப்பதையே இந்த வடிவத்தின் முதல் பலனாக நான் வைக்கிறேன். அரிபடாத மண்ணைப் படியவைக்க வேண்டியதில்லை.

நைட்ரேட் வேறு ரகம். அது கரைந்தே போவது, படியாது. நனைந்து காற்றுப் புகாத மண்ணில், கரிமம் இருந்தால், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றும். வெப்பம் இருந்தால் வேகம்; 5 டிகிரிக்குக் கீழே மிகவும் மந்தம். திண்ணை இதற்கு ஏற்ற இடம்தான், பழகப் பழக மண்ணில் கரிமம் சேர்ந்து இன்னும் தேறும். ஆனால் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் உள்ள நீர் நொடிக்கு 1 கனமீட்டர் ஓடினால், ஒரு நாளில் 864 கிலோ நைட்ரஜன் போகிறது. ஒரு சதுர மீட்டர் திண்ணை மண் மணிக்கு அகற்றுவது சில மில்லிகிராம் என்ற அளவில்தான். ஒரு கிலோமீட்டரில் 7,000 சதுர மீட்டர் திண்ணை இருந்தாலும் பெரிய வெள்ளத்தின் சுமையில் அது மிகச் சிறு பங்கு. சிறு வெள்ளங்களிலும், குழாய்நீர் திண்ணையில் ஊறும்போதும்தான் பங்கு கூடும். ஆகவே நைட்ரேட்டுக்கான வேலையை வயலிலேயே தொடங்க வேண்டும்: பயிர் கேட்கும் நேரத்தில் பிரித்து உரமிடுதல், வடிகுழாயில் பலகை அடுக்கும் தொட்டி வைத்து அறுவடைக்குப் பிறகு நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தல், குழாய் முனையில் மரச்சில்லு நிரப்பிய குழி வழியே நீரைச் சில மணி நேரம் தங்கவைத்து விடுதல். பலகை முறை நிலச்சரிவு 1 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில்தான் கட்டுப்படியாகும். அதைவிடச் சரிந்த வயலில் ஒரு தொட்டியால் மிகக் குறைந்த பரப்பையே கட்டுப்படுத்த முடியும்.

கரைந்த பாஸ்பரஸ் இன்னும் சிக்கல். உழாமல் விதைத்தும் புல்பட்டை விட்டும் மண்ணரிப்பைக் குறைத்த பிறகும் கரைந்த பாஸ்பரஸ் ஏறக்கூடும் என்பதற்கு அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரி கண்முன் உள்ள சான்று. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து, அந்த ஏரியில் கலக்கும் மாமி ஆற்றின் வழியே கரைந்த பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே வந்தது. 2014 ஆகஸ்டில் நச்சுப் பாசியால், ஏரிக்கரையில் உள்ள டொலீடோ நகரில் 4 லட்சம் பேருக்குக் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. உழாத நிலத்தின் மேற்பரப்பிலேயே உரம் தங்குவதும், வடிகுழாய் வழியே அது நேரே வாய்க்காலுக்கு இறங்குவதும் இதில் முக்கியக் காரணங்கள். திண்ணை மண் பாஸ்பரஸை ஒட்டவைத்துக்கொள்ளும், ஆனால் நிரந்தரமாக அல்ல. இரும்போடு கட்டுண்ட பாஸ்பரஸ், மண் நாட்கணக்கில் நீரில் மூழ்கி ஆக்சிஜன் தீர்ந்தால் அவிழ்ந்து நீருக்குள் திரும்பும். நைட்ரேட்டை அகற்ற வேண்டிய அதே நனைந்த நிலை பாஸ்பரஸை வெளியே விடுகிறது. எனவே திண்ணை நனைந்து, பிறகு வடிந்து உலர வேண்டும். குறுக்கே 1 முதல் 2 சதவீதம் சாய்வு கேட்டதன் காரணம் இதுதான். பாஸ்பரஸை நிஜமாகவே வெளியேற்ற ஒரே வழி புல்லை வெட்டி எடுத்துச் செல்வது. ஒரு டன் உலர்புல்லில் 2 முதல் 3 கிலோ பாஸ்பரஸ் போகும். வெட்டி அங்கேயே போட்டால் அது மக்கித் திரும்பவும் நீரில் சேரும்.

தவறுகிற இடங்கள்

திண்ணை உயரமாகிவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறைகூட நனையாது. வெறும் புல்மேடாக நிற்கும், நிலம்தான் வீண். தாழ்வாகிவிட்டால் எப்போதும் ஈரத்தில் கிடந்து சம்பும் கோரையும் அடைத்து, வண்டல் வேகமாக ஏறி, சில ஆண்டுகளில் தன் உயரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் தாழ்வான பக்கம் தவறுவதே மேல்.

வாய்க்கால் அடி படிப்படியாகக் கீழே அறுத்துக்கொண்டு, நீர் வரும் திசையை நோக்கி நகர்ந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். அடியில் திடீரென ஒரு சிறு அருவிபோல் படி தெரிந்தால், கல் தடுப்பணை போட்டு அதை நிறுத்தாமல் திண்ணை வெட்டவே கூடாது. படி திண்ணைக்கு நேராக வந்து சேரும்போது உள்வாய்க்கால் ஆழமாகி, திண்ணை அந்தரத்தில் நிற்கும். அதேபோல் கீழே உள்ள குழாய்ப்பாலத்தின் அடிமட்டம், அகலம் இரண்டையும் அளந்து வையுங்கள். குழாய் உள்வாய்க்காலைவிட மிக அகலமாக இருந்தால் அங்கே வண்டல் கட்டும். குறுகலாக இருந்தால் பின்னால் நீர் ஏறி, திண்ணை வண்டல்குட்டையாகும்.

சில சதுர கிலோமீட்டர் முதல் 25 சதுர கிலோமீட்டர் வரையிலான நீர்பிடிப்பு உள்ள, சரிவு குறைந்த வாய்க்கால்களுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். அதைவிடச் சிறிய வயலோரக் கால்வாய்களில் அடியையும் கரையையும் புல்லாக விட்டு, 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் சிறு தடுப்புகளை அங்கங்கே வைத்தால் போதும். தடுப்பால் ஏறும் நீர் வடிகுழாய் வாயை மூழ்கடிக்காத உயரத்தில் அவை இருக்க வேண்டும்.

நிலம் விட முடியாது, திண்ணை வெட்ட முடியாது என்றாலும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை தூர் வாரும்போது, ஏற்கெனவே கட்டியிருக்கும் வண்டல் மேடுகளில் எவை வடிகுழாய் வாயை அடைக்கவில்லையோ அவற்றை விட்டுவிடுங்கள். அடைத்த இடத்தை மட்டும் வாருங்கள். கரைப் புல்லைச் சீவாதீர்கள். முழு நீளத்தையும் ஒரே ஆண்டில் வாராமல் பகுதி பகுதியாக வாருங்கள், மேல்பகுதியில் தொடங்கி. அப்போது கிளம்பும் கலங்கலைப் பிடிக்க, இன்னும் வாராத கீழ்ப்பகுதியின் புல் காத்திருக்கும்.

வெட்டிய திண்ணைக்கு முதல் இரண்டு மழைக்காலமும் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு நடை வேண்டும். குழாய் வாய்கள், திண்ணை விளிம்பு, வயல்நீர் இறங்கும் இடங்கள், புல் பிடிக்காத திட்டுகள், இந்த நான்கைப் பார்த்தால் போதும். ஒரு முழம் நீள அரிப்பை அன்றே புல்கட்டியும் இரண்டு கூடைக் கல்லும் வைத்து அடைத்துவிடலாம். அடுத்த மழைவரை விட்டால் அதற்கும் பொக்லைன்தான் வர வேண்டியிருக்கும்.